கிறிஸ்துமஸ் பிரசங்கத்தில் ‘மறுபடியும் பிறக்க வேண்டும்’ என்கிறார்களே, அப்படியென்றால் என்ன?

பிறந்தது இயேசு, நம்மை ஏன் பிறக்கச் சொல்கிறார்கள்? காரைக்குடிப் பக்கம் கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் போய்வரும் நண்பர்கள் இதைக் கேட்பதுண்டு. சுருக்கமாக, கடவுளை நம்பி, பழைய போக்கை விட்டு, உள்ளுக்குள் புது ஆளாவதுதான் மறுபடியும் பிறப்பது.

இந்தப் பேச்சு பைபிளில் யோவான் நற்செய்தி 3ஆம் அதிகாரத்தில் வருகிறது. இரவில் தன்னைத் தேடி வந்த நிக்கொதேமு என்ற யூதத் தலைவரிடம் இயேசு இதைச் சொல்ல, அவர், “வயதானவன் தாயின் வயிற்றுக்குள் மறுபடி போக முடியுமா?” என்கிற மாதிரி கேட்கிறார். நியாயமான கேள்விதான்! அங்கே வரும் கிரேக்கச் சொல்லுக்கு ‘மறுபடியும்’, ‘மேலிருந்து’ என இரு பொருளும் உண்டு. மனிதன் தன் முயற்சியால் மட்டும் மாறிவிட முடியாது, கடவுள்தான் அந்தப் புது உயிரைத் தருகிறார் என்பது இதன் அடிப்படை. கடவுளே குழந்தையாக வந்தார் என்று கொண்டாடும் நாளில் இதைப் பேசுவது பொருத்தம்தானே.

சரி, பிறந்தால் போதுமா? காரைக்குடிக்குப் பக்கத்து ஆத்தங்குடியில் தரைக்குச் செய்யும் ஆத்தங்குடிக் கல்லைப் பாருங்கள். கண்ணாடிமேல் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே சிமெண்ட் வைத்து எடுத்தால் பூ வடிவம் வந்துவிடும். ஆனாலும் தண்ணீரில் ஊற வேண்டும், வெயிலில் காய வேண்டும். தரையில் பதித்த பிறகும், ஆட்கள் நடக்க நடக்கத்தான் பளபளப்பு ஏறும். ஜெபம், மன்னிப்பு, அன்றாடச் சச்சரவு எல்லாம் அந்த நடைதான். இயேசுவும் ஞானத்திலும் வளர்த்தியிலும் வளர்ந்தார் என்கிறது லூக்கா 2:52.

இந்தப் பிறப்பை ஞானஸ்நானம் என்ற தண்ணீர்ச் சடங்கோடு சேர்த்துச் சொல்லும் சபைகளும் உண்டு, தனிப்பட்ட மனமாற்றத்தை வலியுறுத்தும் சபைகளும் உண்டு.

அப்புறம், பெயரைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள்: இது செத்தபின் வேறு உடலெடுக்கும் மறுபிறவி அல்ல, இதே உடலில், இதே வாழ்க்கையில் நடப்பது.