மேளம் தொடங்கியதும் வெளியே ஓடும் தம்பிக்கு

உங்கள் சனிக்கிழமை இசைக் கூடலில் மேளம் தொடங்கியதும் வெளியே ஓடும் தம்பியை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். அவரைத் திருப்பிக் கூப்பிடாதீர்கள். கதவைத் திறந்தே வையுங்கள், வாசலில் ஒரு கதிரை போடுங்கள். 21 வயது ஆள், எங்கே இருந்து கேட்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

எல்லோரும் சேர்ந்து மேளம் தட்டும்போதுதான் காதைப் பொத்துகிறார், தனியே கீபோர்ட் என்றால் இருக்கிறார் என்கிறீர்கள். அப்படியென்றால் இசை பிடிக்காமல் இல்லை. நீங்கள் கூடுவது கொழும்பு வெள்ளவத்தை மண்டபம், டைல்ஸ் தரை, வெறும் சுவர். என் சந்தேகம் எதிரொலி மேல்தான். நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். சத்தம் இழுபட்டால் பாய் விரித்து, திரை போடுங்கள்.

அடுத்த சனிக்கிழமை மேளத்தைத் தொடாமல், கீபோர்டின் கறுப்புக் கட்டைகளை மட்டும் அவரிடம் விடுங்கள். இரண்டும் மூன்றுமாகக் கூடி நிற்கும் அந்த ஐந்தும் மோகன ராகத்தின் சுரங்கள் (மூன்று கட்டைக் கூட்டத்தின் முதலாவதை ச என்று வைத்தால்), எதை அழுத்தினாலும் ஒன்றோடொன்று உரசாது. அவர் வாசிப்பதை நீங்கள் மெதுவாகத் திருப்பி வாசியுங்கள். அவர் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். இசை வாசிக்கிற எங்கள் ஆட்களுக்கு இப்படி நிறுத்துவதுதான் கஷ்டம்! அப்புறம் ஒரே ஒரு மேளம், விரலால்.

ஒன்று: காது பொத்துவது திடீரென்று அண்மையில் தொடங்கியது என்றால் முதலில் காதை டொக்டரிடம் காட்டுங்கள். வலியைச் சொல்லத் தெரியாமலும் இருக்கலாம்.