உலகநாதன் எப்படி ராட்சச லோரி ஆனார்?

கேள்வி: டீச்சர், அக்டோபர் வந்தால் இங்கே பேரங்காடிகளில் பூசணிக்காயும் எலும்புக்கூடும் தொங்குகின்றன. 'ஹாலோவீன்' என்றால் பேய்த் திருவிழா என்றுதானே அர்த்தம்? என் மகள் கேட்கிறாள். (ஒரு தாய், கிள்ளான்)

இல்லையம்மா. அந்தச் சொல்லுக்குள் பேயே கிடையாது. 'ஹாலோ' என்றால் பழைய ஆங்கிலத்தில் புனிதர். மாலைப் பொழுதைக் குறித்த 'ஈவன்' தேய்ந்து 'ஈன்' ஆகிவிட்டது. நவம்பர் 1 எல்லாப் புனிதர்களுக்கும் உரிய நாள். அதற்கு முந்தின மாலைதான் ஹாலோவீன். விடுமுறையைக் குறிக்கும் 'ஹாலிடே'யும் இதே குடும்பம்தான். அதுவும் முதலில் 'புனித நாள்'.

மறுநாள் நவம்பர் 2-ஐ நம் கத்தோலிக்கத் தமிழர்கள் கல்லறைத் திருநாள் என்பார்கள். பினாங்கில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா அதற்கு முந்தின நாளே வாளியும் அரிவாளுமாகக் கிளம்பிவிடுவார். ஒருமுறை நானும் கூடப் போனேன். புல்லைச் செதுக்கி, கல்லைக் கழுவினார். அப்புறம் ஒரு பழைய பல்துலக்கியை எடுத்து, தன் அப்பாவின் பெயரில் ஒவ்வோர் எழுத்தாகப் பாசியைத் தேய்த்து எடுத்தார். மெழுகுவர்த்தி காற்றில் அணையாமல் இருக்கப் பால் டின்னை வெட்டி மறைப்பு வைத்தார். உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள். எலும்புக்கூடு பொம்மையைவிட இது அவளுக்கு நன்றாகப் புரியும்.

கேள்வி: நான் லோரி ஓட்டுகிறேன். ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் பெரிய லோரியை 'ஜகர்நாட்' என்று எழுதியிருந்தார்கள். நம் பக்கத்துப் பெயர் மாதிரி இருக்கிறதே? (வாசகர், பட்டர்வொர்த்)

உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது தம்பி. அது பூரி ஜகந்நாதர். ஜகத்துக்கு நாதன், நம் வழக்கில் சொன்னால் உலகநாதன். உங்கள் உறவிலேயே ஓர் உலகநாதன் இருப்பார்.

ஒடிசாவின் பூரியில் ஆண்டுதோறும் ஜகந்நாதர், அண்ணன் பலபத்திரர், தங்கை சுபத்திரை மூவருக்கும் தனித்தனியாக மரத்தேர் புதிதாகச் செய்வார்கள். ஜகந்நாதர் தேருக்கு மட்டும் 16 சக்கரங்கள். இந்தியாவுக்கு வந்த ஐரோப்பியப் பயணிகள் சிலர், பக்தர்கள் தேர்ச் சக்கரத்தடியில் விழுந்து உயிர் விடுகிறார்கள் என்று எழுதினார்கள். கேட்டவர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில், எதிரே வருவதையெல்லாம் நசுக்கிக்கொண்டு போகும் எந்தப் பெரும் சக்தியும் ஆங்கிலத்தில் 'ஜகர்நாட்' ஆயிற்று. பிறகு பிரிட்டனில் கனரக லோரிக்கும் அதே பெயர்.

எனக்கு இது மனசைக் குத்துகிற விஷயம். தைப்பூசத்துக்கு முதல் நாள் தேர் பினாங்கு ஸ்திரீட்டிலிருந்து புறப்பட்டுத் தண்ணீர்மலைக்குப் போவதை நான் சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். தேர் வருவதற்குள் சாலையோரம் தேங்காய் மலைமாதிரி குவிந்திருக்கும். தமிழரும் சீனரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று உடைப்பார்கள். இளநீர் காலடியில் ஓடும். வெறுங்காலோடு நிற்பவர்களுக்கு ஓடு குத்திவிடக் கூடாதென்று தொண்டர்கள் விடாமல் கூட்டி அள்ளுவார்கள். தேர் வந்து நின்றதும் கைக்குழந்தைகளை மேலே நீட்டுவார்கள்; குருக்கள் வாங்கி, திருநீறு பூசித் திருப்பித் தருவார். தேர் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது கைமாறிப் போகும் அந்தக் குழந்தைகள்தான். தூரத்தில் நின்று பார்த்தவர்களுக்குச் சக்கரம் மட்டும் தெரிந்திருக்கிறது.

கேள்வி: 'டெவில்' என்பது 'தேவ' என்ற சொல்லிலிருந்து வந்தது என்று ஒருவர் பேசினார். உண்மையா? (வாசகர், ஈப்போ)

இல்லை. 'டெவில்' கிரேக்கத்தின் 'டியாபொலோஸ்'. பழி சொல்பவன் என்று பொருள். 'தேவ' ஒளியைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. ஓசை ஒத்துப்போவதால் உறவாகிவிடாது.

கேள்வி: 'மான்ஸ்டர்' என்பதற்கு மூலம் என்ன? தமிழில் 'பேய்' எப்படி வந்தது? (மாணவி, தைப்பிங்)

லத்தீனில் 'மோனேரே' என்றால் எச்சரித்தல். அதிலிருந்து வந்த 'மான்ஸ்ட்ரும்', வரப்போகும் கேட்டைத் தெய்வம் முன்கூட்டிக் காட்டும் அறிகுறி. இரண்டு தலையோடு கன்று பிறந்தால், அது ரோமானியர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உன் வகுப்பு மானிட்டரும் இதே வேர்தான். அவர் வேலையும் எச்சரிப்பதுதானே.

நம் சொல் நேராக அச்சத்திலிருந்தே வருகிறது. 'பே', 'நாம்', 'உரும்' மூன்றும் அச்சப் பொருள் தரும் என்று தொல்காப்பியத்தின் உரியியல் சொல்கிறது. அந்தப் 'பே'யிலிருந்து பேய். அவர்கள் அந்த உருவம் என்ன சொல்ல வருகிறது என்று பார்த்தார்கள். நாம் நம் நெஞ்சு என்ன ஆனது என்பதைச் சொன்னோம். எனக்கு நம்முடையதுதான் பிடிக்கிறது.

கேட்டதோடு இன்னொன்றும் தருகிறேன். நிலவொளியில் ஓநாயாக மாறுகிறவனை 'வேர்வுல்ஃப்' என்கிறார்கள். 'வுல்ஃப்' ஓநாய். 'வேர்' பழைய ஆங்கிலத்தில் ஆண்மகன். லத்தீனில் 'விர்', சமஸ்கிருதத்தில் 'வீர'. தோட்டங்களின் எல்லையில் அரிவாளோடு காவல் நிற்கும் நம் மதுரை வீரனின் பெயரில் இருக்கிற அதே 'வீர'.