சமையலறை சிங்க் மட்டும் அடைப்பது ஏன்?

கேள்வி: ஐயா, எங்கள் அடுக்குமாடி வீட்டில் சமையலறை சிங்க்கில் மட்டும் தண்ணீர் தேங்குகிறது. குளியலறையில் நன்றாகப் போகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அப்படியென்றால் அடைப்பு பெரும்பாலும் சிங்க்குக்குக் கீழே வளைந்திருக்கும் குழாயில்தான், அம்மா. சம்பல் எண்ணெயும் தேங்காய்ப்பால் கொழுப்பும் ஆறியதும் உள்ளே படியும். அதில் சோற்றுப் பருக்கை ஒட்டி வெள்ளைச் சாந்துபோல் இறுகிவிடும். நான் கழற்றும் குழாய்களில் பாதிக்கு மேல் இதே கதைதான்.

அடியில் வாளி வைத்து, பிளாஸ்டிக் நட்டைக் கையாலேயே திருகிக் கழற்றுங்கள். பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். திரும்ப மாட்டும்போது ரப்பர் வாஷர் சரியாக உட்கார வேண்டும், இல்லாவிட்டால் ஒழுகும். அப்புறமும் தேங்கினால், சுவருக்குள் போகும் குழாயில் ஸ்பிரிங் கம்பி விட வேண்டியதுதான்.

கெஞ்சிக் கேட்கிறேன், அடைப்பு நீக்கும் ரசாயனத்தை ஊற்றிவிட்டுக் குழாயைக் கழற்றாதீர்கள். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.