மறு: அம்மாவுக்கு மார்பின் அடியில் சிவந்த புண், ட்யூப் போட்டும் திரும்பி வருகிறது

வணக்கம் சகோ. அம்மாவுக்கு 58 வயது, சர்க்கரை, மார்பின் அடி மடிப்பில் ஈரமும் எரிச்சலும், மெடிக்கலில் கொடுத்த களிம்பு ட்யூப் போட்டால் இரண்டு நாள் அடங்கி மறுபடி வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்குச் சந்தேகம் அந்த ட்யூப் மேல்தான். அட்டையில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டுமே ஸ்டீராய்டு. சிவப்பை அமுக்கும், அடியில் பூஞ்சை வளரும். இருந்தால் நிறுத்துங்கள், முதல் சில நாள் எரிச்சல் கூடலாம், பயப்படாதீர்கள்.

நல்ல வெளிச்சத்தில் புண்ணின் ஓரத்தைப் பாருங்கள். தோலோடு தோல் உரசி, வியர்வையில் ஊறியது மட்டும் என்றால் மடிப்பின் இரு பக்கமும் ஒரே மாதிரி வெறும் சிவப்பு. சுற்றிலும் சின்னச் சின்னப் பருக்கள் தெறித்திருந்தால் கேண்டிடா பூஞ்சை; சர்க்கரைக்காரர்களுக்கு இதுதான் அதிகம். ஓரம் மட்டும் தடித்து வளையமாகப் பரவினால் படர்தாமரை. வழக்கமாகச் செதில் செதிலாக உரியும் தோல் நோயான சொரியாசிஸும் மடிப்பில் செதிலே இல்லாமல் பளபளவென்று வரும், அதனால் கண்பார்வையை மட்டும் நம்ப முடியாது. தோல் மருத்துவர் லேசாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார், வலிக்காது.

அதுவரை குளித்ததும் ஒற்றித் துடையுங்கள், தேய்க்காதீர்கள். மடிப்புக்குள் பழைய பருத்தி வேட்டித் துண்டை வைத்து, நனைந்ததும் மாற்றுங்கள். கேண்டிடா மாதிரி இருந்தால் குளோட்ரிமசோல் 1% க்ரீம் மெல்லியதாக இருவேளை, 2 முதல் 4 வாரம். ஆறியதும் உடனே விட்டுவிடாதீர்கள். டெட்டால், மஞ்சள், எலுமிச்சை எதுவும் வேண்டாம்.

மூன்று மாதச் சராசரி சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். காய்ச்சல், சீழ், சூடாகப் பரவும் வலி இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.