அமெரிக்க காலேஜ் ஃபுட்பால்ல 10-2ன்னா என்ன அர்த்தம்?

கோல் கணக்கு இல்லங்க, சீசன்ல 10 மேட்ச் ஜெயிச்சு 2 தோத்துருக்காங்க, அவ்ளோதான். மிச்சிகன்ல படிக்கிற எங்க அக்கா பையன் 2023 சீசன் முடிஞ்சதும் "15-0 மாமா"ன்னு மெசேஜ் போட்டான், நான் கும்பகோணத்துல டீக்கடைல உக்காந்துகிட்டு 15 கோலா, எதிர் டீம் தூங்குச்சாடான்னு கேட்டு மானம் போச்சு. வழக்கமா 12 மேட்ச், அதுல 6 ஜெயிச்சாலே பௌல் கேமுக்கு, அதாவது சீசன் முடிவுல நடக்குற ஸ்பெஷல் மேட்சுக்குத் தகுதி வந்துடும், மிச்சிகன் யுனிவர்சிட்டி டீம் அந்த 12க்கு மேல கான்ஃபரன்ஸ் (டீம்கள் சேர்ந்த ஒரு குரூப்) ஃபைனல், பிளேஆஃப்ல ரெண்டுன்னு எல்லாத்தையும் அடிச்சதால 15. பழைய ரெக்கார்டுல 8-2-1ன்னு இருந்தா கடைசி நம்பர் டிரா, 1996ல, சமமா முடிஞ்சா தொடர்ந்து ஆடி முடிவு பாக்குற ஓவர்டைம் வந்ததும் அது ஒழிஞ்சுது. ஆனா யார்கூட ஆடுனாங்கன்னும் பாக்கணும், பொங்கல் டோர்னமென்ட்ல பொடிப்பசங்களா பாத்து ஜெயிச்சுட்டு வந்து நிக்கிற டீம் எல்லா ஊர்லயும் உண்டு.