கட்டண பார்க்கிங்கில் எலக்ட்ரிக் கார் சார்ஜ் போட்டால் பார்க்கிங் பணமும் தனியாகக் கொடுக்க வேண்டுமா? கட்டுப்படியாகுமா?

நாகர்கோவிலில் எலக்ட்ரிக் கார் ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். பல இடங்களில் கொடுக்கத்தான் வேண்டும். சார்ஜ் போட்ட பணம் மொபைல் ஆப் வழியாக சார்ஜர் கம்பெனிக்குப் போகிறது. பார்க்கிங் பணம் வாசலில் சீட்டு எழுதுபவரிடம் போகிறது. இவருக்கும் அவருக்கும் எந்தக் கணக்கும் கிடையாது.

கட்டுப்படியாகுமா என்று கேட்டால், முதலில் சார்ஜர் எவ்வளவு வேகமானது என்று பாருங்கள். பார்க்கிங்குக்கு மணிக்கணக்கில் பணம், கரண்டுக்கு யூனிட் கணக்கில் பணம். ஒரு மணி நேரத்தில் எத்தனை யூனிட் ஏறுகிறது என்பதை வைத்துத்தான் பார்க்கிங் பாரம் கூடும், குறையும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 யூனிட் பேட்டரி உள்ள கார், 20 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற்ற வேண்டும். 18 யூனிட். பார்க்கிங் மணிக்கு 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 30 கிலோவாட் டிசி சார்ஜர், அதாவது மணிக்கு 30 யூனிட் வரை ஏற்றும் வேகமான சார்ஜர் என்றால் முக்கால் மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். ஒரு மணி நேரச் சீட்டு, 30 ரூபாய். யூனிட்டுக்கு 1 ரூபாய் 70 காசுதான் கூடுகிறது, கண்டுகொள்ளாமல் விடலாம். அதே 18 யூனிட்டை 3.3 கிலோவாட் மெதுவான ஏசி சார்ஜரில் ஏற்ற ஆறு மணி நேரம் பிடிக்கும். பார்க்கிங் மட்டும் 180 ரூபாய். யூனிட்டுக்கு 10 ரூபாய் கூடுதல்!

இப்போது கரண்டு விலையையும் சேருங்கள். வேகமான சார்ஜரில் யூனிட் 20 ரூபாய், மெதுவானதில் 12 ரூபாய் என்று வைத்தால், இரண்டுக்கும் மேலே 18 சதவீத ஜிஎஸ்டி. டிசியில் பார்க்கிங்கும் சேர்த்து ஏறக்குறைய 455 ரூபாய். ஏசியில் 435. இருபது ரூபாய் மிச்சத்துக்காக ஐந்து மணி நேரம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். யூனிட் விலை குறைவாக இருக்கிறதே என்று மெதுவான சார்ஜரைத் தேடிப் போகிறவர்கள் பார்க்கத் தவறுவது இதைத்தான். ஆனால் இவ்வளவு கொடுத்தாலும் யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் சுமார்தான் ஆகும். பெட்ரோல் காரில் அந்தக் காசுக்கு ஓட முடியாது.

ஒரு விஷயம், இந்தக் கணக்கு சார்ஜ் போடுவதற்காகவே ஓர் இடத்துக்குப் போனால்தான் பொருந்தும். துணி எடுக்க, சினிமா பார்க்க, ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்க்க என்று எப்படியும் மூன்று மணி நேரம் அங்கே வண்டி நிற்கத்தான் போகிறது என்றால், அந்தப் பார்க்கிங் பணம் சார்ஜ் செலவில் சேராது. அப்போது மெதுவான ஏசி சார்ஜர்தான் லாபம்.

டிசியில் போடுகிறவர்கள் 80 சதவீதத்தில் கழற்றிவிடுங்கள். என் வண்டியில் அறுபது சதவீதத்தில் திரையில் 28 கிலோவாட் என்று காட்டும். எண்பதைத் தாண்டியதும் படபடவென்று இறங்கி, தொண்ணூறு பக்கம் வரும்போது பத்துக்கும் கீழே போய்விடும். கடைசி பத்து சதவீதத்துக்காக நின்றால் அடுத்த மணி நேரச் சீட்டும் ஏறும், சார்ஜ் முடிந்த பிறகும் வண்டியை எடுக்காமல் இருந்தால் சில கம்பெனிகள் நிமிடத்துக்கு இவ்வளவு என்று தனியாகப் பிடிக்கவும் செய்யும். பின்னால் ஒருவர் காத்துக்கொண்டும் இருப்பார்.

சீட்டு எழுதும் ஒரு தம்பியிடம், சார்ஜ் ஏறுகிற நேரத்துக்காவது குறைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். "சார்ஜ் போட்டா என்ன, சும்மா நின்னா என்ன அண்ணே, எடத்த அடைச்சிட்டு நிக்குல்லா" என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. பொது பார்க்கிங் பெரும்பாலும் ஏலத்தில் போகிறது. குத்தகை எடுத்தவர் ஒவ்வொரு காருக்கும் கணக்கு வைத்துத்தான் பணம் கட்டியிருப்பார். விற்கிற கரண்டில் அவருக்குப் பங்கு இல்லாதபோது எதற்காக விட்டுக்கொடுப்பார்? இது ஏல நிபந்தனை எழுதும்போதே தீர்க்க வேண்டிய காரியம். சார்ஜர் உள்ள இடங்களுக்கு, சார்ஜ் ரசீது காட்டினால் முதல் ஒரு மணி நேரம் பார்க்கிங் இல்லை, அதற்கு மேல் நின்றால் இரண்டு மடங்கு என்று ஒரு வரி சேர்த்தால் போதும். முழுக்க இலவசம் ஆக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அப்படிச் செய்தால் வயரை மாட்டிவிட்டு நாள் முழுக்க இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. போர்ட்டிகோ உள்ள வீட்டுக்காரர் ராத்திரி வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொள்வார். எங்கள் ஊரில் கோட்டாறு பக்கம் பழைய தெருக்களில் வாசலில் பைக் நிறுத்தவே இடமில்லாத வீடுகள் எத்தனை! வாடகை வீட்டில் இருக்கும் டாக்ஸி ஓட்டுநர் எங்கே போய் சார்ஜ் போடுவார்? பொது சார்ஜரை விட்டால் அவருக்கு வழியில்லை. யூனிட் விலை, ஜிஎஸ்டி, பார்க்கிங் மூன்றையும் முழுசாகச் சுமப்பவர் அவர்தான். வசதி குறைந்தவர் கூடுதலாகக் கொடுக்கும்படி ஓர் ஏற்பாடு இருப்பது நியாயமே இல்லை.

கன்னியாகுமரிக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வண்டியும் சுற்றுலா வண்டியும் சேர்ந்து நிற்கிற நாட்களில் கடற்கரைப் பக்கம் சார்ஜரை நம்பிப் போகாதீர்கள். பார்க்கிங்குக்குப் பணம் கொடுத்து உள்ளே போனாலும் சார்ஜர் முன்னால் பெட்ரோல் கார் நின்றுகொண்டிருக்கலாம். சூரிய உதயம் பார்க்க எப்படியும் ராத்திரி தங்குவீர்கள் அல்லவா, ரூம் போடும்போதே வண்டி நிறுத்துமிடத்தில் 15 ஆம்ப் பிளக் உண்டா, எர்த் சரியாக இருக்கிறதா, யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று போனில் கேட்டுவிடுங்கள். திருவனந்தபுரம் போகிறவர்கள் என்றால் நாகர்கோவிலிலிருந்து 70 கிலோமீட்டர் சுமார்தான், ஊருக்குள் நுழைந்து தேட வேண்டாம். ரோட்டோரம் பெட்ரோல் பங்கிலோ ஓட்டலிலோ சார்ஜர் இருந்தால் அங்கே போடுங்கள், அங்கெல்லாம் பெரும்பாலும் பார்க்கிங் சீட்டு கிடையாது.