பேன்ட் சைஸ் 34, இடுப்பு 96: எதை நம்புவது?

கேள்வி: வயது 46. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். உயரம் 168 செ.மீ., எடை 64 கிலோ. மாஸ்டர் செக்கப்பில் இடுப்பு 96 செ.மீ. என்று எழுதி, ‘வயிற்றுப் பருமன்’ என்று குறித்துவிட்டார்கள். நான் போடுவது 34 சைஸ் பேன்ட். ஊரில் என்னை ஒல்லி என்றுதான் சொல்வார்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை 108, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு) 210, எச்.டி.எல். (நல்ல கொழுப்பு) 36. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. மனைவிக்கு உயரம் 148, இடுப்பு 78. அவருக்கு எதுவும் குறிக்கவில்லை. அளந்ததில் தவறு இருக்குமா?

பதில்: 34 இஞ்ச் என்றால் சுமார் 86 செ.மீ. ஆனால் பேன்ட் நிற்கும் இடம் தொப்பைக்குக் கீழே. வயிறு அதற்கு மேலே வழிந்து நிற்கும். ரெடிமேட் பேன்ட்டில் 34 என்று போட்டிருந்தாலும் உள்ளே ஓர் இஞ்ச், இரண்டு இஞ்ச் கூடவே இருப்பதுண்டு. எனவே பேன்ட் சைஸை விடுங்கள், நீங்களே அளந்து பாருங்கள்.

காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன் அளக்க வேண்டும். சட்டை வேண்டாம், கைலி முடிச்சையும் கீழே இறக்கிக் கட்டுங்கள். பக்கவாட்டில் விரலால் அழுத்தினால் விலா எலும்பின் கடைசி விளிம்பு தட்டுப்படும். அதற்குக் கீழே இடுப்பு எலும்பின் மேல்முனை. இரண்டுக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, டேப்பை அதன் மேல் சுற்றுங்கள். தொப்புளைக் குறியாக வைக்காதீர்கள். வயிறு தொங்கத் தொங்க அதுவும் இறங்கிவிடும். முதுகுப் பக்கம் டேப் சரிந்திருக்கிறதா என்று வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரணமாக மூச்சை விட்டு, விட்ட நிலையில் படியுங்கள். வயிற்றை எக்கினால் சில சென்டிமீட்டர் காணாமல் போகும், எல்லோரும் செய்யும் வேலைதான் அது. இரண்டு முறை அளங்கள், 1 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறையும். பழைய தையல் டேப் இழுபட்டு நீண்டிருக்கும், ஸ்கேலோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.

இப்படி அளந்தும் 96 பக்கம் வந்தால், அந்தக் குறிப்பு சரிதான். உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 22.7, இந்தியர்களுக்கான 23 என்ற எல்லைக்குள்தான் வருகிறது. ஆனால் அந்தக் கணக்குக்குத் தசை எது, கொழுப்பு எது, கொழுப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதெல்லாம் தெரியாது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னே வருவது நம் ஆட்களின் வாகு. தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, ரத்தக் குழாய் வழியே கொழுப்பு அமிலங்களை நேராகக் கல்லீரலுக்கு அனுப்புகிறது. கல்லீரலில் கொழுப்பு படிகிறது. அது இன்சுலின் சொல்லைக் கேட்க மறுக்கிறது. சர்க்கரையும் டிரைகிளிசரைடும் ஏறி, எச்.டி.எல். இறங்குகிறது. உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது அச்சு அசல் இதுதான்.

1969 முதல் 1973 வரை வேலூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. அவர்களில் பலருக்கு 28 வயது வாக்கிலேயே சர்க்கரைக் கோளாறு தலைகாட்டியிருந்தது. சிறு வயதில் மெலிந்திருந்து பின்னால் எடை ஏறியவர்களிடம் அது கூடுதல்.

நம் நாட்டு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை. இடுப்பு, டிரைகிளிசரைடு (150), எச்.டி.எல். (ஆணுக்கு 40க்குக் கீழ்), ரத்த அழுத்தம் (130/85), வெறும் வயிற்றுச் சர்க்கரை (100) என்ற ஐந்தில் மூன்று தவறினாலே மெட்டபாலிக் சின்ட்ரோம், அதாவது சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழிவிடும் கோளாறுகளின் கூட்டு. உங்களுக்கு ஏற்கெனவே நான்கு தவறிவிட்டன. ரத்த அழுத்தத்தை நீங்கள் எழுதவில்லை. அதைப் பாருங்கள். கூடவே எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து எடுக்கும் சர்க்கரை, எஸ்.ஜி.பி.டி. (கல்லீரலுக்கான ரத்தச் சோதனை), வயிற்று ஸ்கேன் ஆகியவையும் தேவை. 108 இன்னும் சர்க்கரை நோய் இல்லை, அதற்கு முந்திய கட்டம்.

படுத்து எழும் பயிற்சி வயிற்றுத் தசையை இறுக்கும், உள்ளே இருக்கும் கொழுப்பைத் தனியாகக் கரைக்காது. இடுப்பு பெல்ட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். வாரம் 5 நாள் 30 நிமிடம் வேக நடை. கோடையில் வெயில் ஏறும் முன் முடித்துவிடுங்கள். வாரம் 2 நாள் தசைக்கு வேலை வேண்டும்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10 வீதம் 3 சுற்று, சுவரில் கை ஊன்றித் தள்ளுவதும் அப்படியே. ராத்திரி சாப்பிட்டதும் 10 நிமிடம் நடந்தால் ஏறும் சர்க்கரை கொஞ்சம் மட்டுப்படும். நாளைக்கு 4 டீ, ஒவ்வொன்றிலும் 2 ஸ்பூன் என்றால் 40 கிராம் சர்க்கரை, 160 கலோரி. முதலில் வெட்ட வேண்டியது அதைத்தான். பிரியாணியை அடியோடு விடச் சொன்னால் ஆம்பூரில் யார் கேட்பார்கள்? அளவைப் பாதியாக்கி, கறித்துண்டையும் வெங்காயப் பச்சடியையும் கூட்டிக்கொள்ளுங்கள். கேழ்வரகுக் களியும் மாவுப்பொருள்தான், இரண்டு உருண்டை கணக்கில் வராது என்று எண்ண வேண்டாம். ‘கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பார்கள். கொள்ளு நல்லதுதான், ஆனால் கொள்ளு ரசத்தைக் குவித்த சோற்றில் ஊற்றினால் பலன் சோற்றோடு போய்விடும்.

மாதம் ஒருமுறை அளந்தால் போதும். எடை அசையாமல் இடுப்பு மட்டும் குறைந்தாலும் அது லாபமே. ஆறு மாதத்தில் 90க்குக் கீழே வரப் பாருங்கள். சில வாரங்களிலேயே வயிறு வீங்கி, காலும் வீங்கினால் அது கொழுப்பு அல்ல, நீராக இருக்கலாம். டேப்பை வைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

உங்கள் மனைவிக்கு 78 என்பது 80க்குள்தான். ஆனால் குள்ளமானவர்களுக்கு அந்த எல்லை தாராளம். இடுப்பு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பது இன்னொரு கணக்கு: அவருக்கு 74, உங்களுக்கு 84. அவர் உயரத்துக்கு ஒரு சணலை வெட்டி, இரண்டாக மடித்து இடுப்பில் சுற்றிப் பாருங்கள், நுனிகள் தொடாது. அவருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பார்த்துவிடுங்கள். கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்திருந்தால் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனையே வேண்டும்.